முழுப் பூசணிக்காய்

1

கையுறை மாட்டிக்கொண்டு, களைக்கொத்தும் கையுமாக ஒரு நூலகத்துக்குள் நுழைந்த பெண்பிள்ளை இந்தப் பிரான்ஸ் தேசத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். என் தங்கை விஜி போனில் சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆனது.

நாங்கள் குடியிருப்பது பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகர். தெருவில் நின்று "ஏங்க" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அத்தனை புதுச்சேரிக்காரர்கள். எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே ஒரு சின்ன நூலகம் இருக்கிறது. சம்பளமில்லாமல் ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துவது. போன மாதம் அதன் கண்ணாடிக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்: சனிக்கிழமை காலை 'தெஸெர்பாஜ்', கைகொடுக்க விருப்பமுள்ளவர்கள் வரலாம்.

எர்ப் என்றால் புல். தெஸெர்பாஜ் என்றால் களையெடுப்பு. இதற்கு அகராதி வேறு வேண்டுமா? நூலகத்துக்கு முன்னால் ஒரு துண்டுப் புல்தரை உண்டு, அதில் முழங்கால் உயரத்துக்குக் கண்டதும் முளைத்துக் கிடந்தது. என் அம்மா பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பம். லீவுக்குப் போகும்போதெல்லாம் மாமாக்களோடு வயலில் இறங்கிப் பழகியவள் நான். வந்த நாளிலிருந்து இந்த ஊர் எனக்குத் தெரியாத வேலைக்கே ஆள் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் தடவையாகத் தெரிந்த வேலைக்குக் கேட்கிறது. விடுவேனா?

கதவைத் திறந்தவர் மதாம் ஒதீல். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தையே வீடாக்கிக்கொண்ட அம்மாள். என் கையுறையைப் பார்த்தார், கொத்தைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வரச் சிரித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். நூலகக்காரர்கள் பாஷையில் களையெடுப்பு என்றால், ரொம்ப நாளாக யாரும் தொடாத புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்துக் கழிப்பதாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால் பட்டால் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜாதி நாம். அதைப் போய்க் களை என்பதா? வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு கையுறையைக் கழற்றினேன். வந்தது வந்துவிட்டோம், உதவிவிட்டுப் போவோம் என்று தள்ளுவண்டியைத் தள்ளினேன். சமையல் புத்தகங்கள் போயின, நாய் வளர்ப்பு போயிற்று, எந்தக் காலத்திலோ செல்லாமல் போன கணினிப் பாடங்கள் போயின. மூலை அலமாரிக்கு வந்ததும் மதாம் ஒதீல் குரலைத் தாழ்த்தி, இவற்றை எடுக்க அவருக்கே கஷ்டமாக இருப்பதாகச் சொன்னார்.

தமிழ்ப் புத்தகங்கள். அத்தனையும் சிறுவர் கதைகள். இந்தப் பக்கத்துப் புதுச்சேரிக் குடும்பங்கள் எப்போதோ மூட்டை கட்டிக் கொடுத்தவை. தொட ஆளில்லாமல் தூசியாக நின்றன. ஒவ்வொன்றாகத் தட்டி வண்டியில் வைத்துக்கொண்டு வந்தவள் ஒரு புத்தகத்தில் நின்றுவிட்டேன். மஞ்சள் அட்டை. நீலக்கடல். கடல்மேல் ஒரு கப்பல், கப்பல்மேல் கண்ணும் மூக்கும் வைத்த ஒரு பூசணிக்காய்.

'கப்பலேறிய பூசணிக்காய்.'

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மதாம் ஒதீல் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டார்.

2

ஏன் சிலிர்த்தது என்று சொல்ல வேண்டுமானால், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் பப்பாவின் சைக்கிள் கேரியரில் இருந்து தொடங்க வேண்டும்.

பப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அவர் கொண்டுவந்த பிரெஞ்சில் பாதி, அதட்டல். மீதியில் அவருக்கு ரொம்பப் பிடித்த சொல் 'லீவ்ர்'. பிரெஞ்சில் சொற்களுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு, இந்தச் சொல்லுக்கு அதன்படி இரண்டு அர்த்தம். புத்தகம் என்றும் பொருள், அரைக்கிலோ என்றும் பொருள். "ஆம்பள லீவ்ர்னா புத்தகம், பொம்பள லீவ்ர்னா அரைக்கிலோ" என்று வீட்டுக்கு வருகிற ஒருவர் விடாமல் பாடம் நடத்துவார். கேட்டுக் கேட்டு அம்மாவுக்கும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. அரைக்கிலோ வெங்காயம் என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு லீவ்ர் வெங்காயம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்குக் காய் இல்லை. ஒரு லீவ்ர் பரங்கிக்காய் வாங்கிவரச் சொல்லி அம்மா பப்பாவை அனுப்பினாள். ஊரில் நாங்கள் பரங்கிக்காய் என்போம், புத்தகத்தில் மட்டும் அது பூசணிக்காய். காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைக் கடைகளைச் சுற்றிவிட்டுப் பப்பா வெறும் பையோடு வரவில்லை. பழைய பேப்பர் கடை காத்தவராயனிடம் எடைபோட்டு, அரைக்கிலோ கதைப் புத்தகம் வாங்கிக்கொண்டு வந்தார். மேலாக இருந்தது அந்த மஞ்சள் அட்டை. பூசணிக்காய்ப் படத்தை அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டி, "நீ லீவ்ர்னு சொன்ன. லீவ்ர் வாங்கியாந்துட்டேன். உள்ள பரங்கிக்காயும் இருக்குது பார்" என்றார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் வெறும் பருப்புச் சாம்பார். அம்மா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் எனக்கும் விஜிக்கும் அன்றைக்குத்தான் கண் திறந்தது.

அந்தப் பூசணிக்காய் ஒரு கடற்கரை ஊரில் கூரைமேல் காய்த்தது. ஒருநாள் காம்பு அறுந்து, தெருவோடு உருண்டு, துறைமுகப் பாலத்தில் உருண்டு, நேராகக் கப்பலுக்குள் விழுகிறது. புயல் வந்து கப்பல் கவிழ்கிறபோது மாலுமிகள் அதைக் கட்டிப்பிடித்து மிதந்து தப்பிக்கிறார்கள். தெரியாத ஒரு தேசத்தில் கரையேறுகிறார்கள். உயிர்காத்த பூசணிக்காயைப் பல்லக்கில் வைத்து அரண்மனைக்குக் கொண்டுபோகிறார்கள். எங்கள் புத்தகத்தின் கடைசி வரி எனக்கு இன்றும் மனப்பாடம்: 'அப்போது அரசன் தன் சமையல்காரனை அழைத்து,'

அவ்வளவுதான். காற்புள்ளியோடு சரி. அதற்குப் பிறகு பக்கமே இல்லை.

அடுத்த ஞாயிறு பப்பாவோடு போய்க் காத்தவராயனிடம் நியாயம் கேட்டோம். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. தராசில் புத்தகத் தட்டு கொஞ்சம் தாழ்ந்தால் கடைசிப் பக்கங்களில் இரண்டைக் கிழித்து எடைக்குச் சரிசெய்வது அவர் வழக்கம். முதல் பக்கத்தைக் கிழித்தால் புத்தகம் பாழாகிவிடும், பின்னால் கிழித்தால் ஒன்றும் ஆகாது என்பது அவர் கணக்கு. "எட சரியா இருக்கணுமில்ல பாப்பா?" என்றார். கிழித்த தாள் கடலைக்காரர்களுக்குப் போகும். அதனால் கடற்கரையில் வேர்க்கடலை வாங்கினால் நானும் விஜியும் கடலையை மடியில் கொட்டிவிட்டு முதலில் பொட்டலத்தைப் பிரிப்போம். எந்தக் கதையின் முடிவாவது கிடைக்காதா என்று. கணக்குப் பாடமும் வாய்தா நோட்டீசும் கிடைத்தனவே தவிர, எங்கள் அரசன் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறுகள், எத்தனையோ அரைக்கிலோக்கள். பாதிப் புத்தகங்களுக்கு வால் இருக்காது. வால் இல்லாவிட்டால் என்ன, நாங்கள் ஒட்டவைத்தோம். என் முடிவில் அரசன் சமையல்காரனிடம், "இதை வெட்டாதே, எந்த ஊர் என்று கேள்" என்பான். பூசணிக்காய் ஊர் ஞாபகத்தில் வெடித்து அழும். அதன் விதைகளை எல்லாம் மாலுமிகள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கப்பலேறி ஊர் திரும்புவார்கள். விஜியின் முடிவே வேறு. அரசன் தன் கப்பலைப் பூசணிக்கே கொடுத்துவிடுவான். அது தலைமை மாலுமியாகி, எந்தக் கரையிலும் இறங்காமல் உலகம் சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்காக நாங்கள் குடுமிப்பிடிச் சண்டை போட்டிருக்கிறோம்.

வேடிக்கையைப் பாருங்கள். ஊர் திரும்பு என்று கதை கட்டிய நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். உலகம் சுற்று என்று கட்டிய விஜி, வீட்டிலிருந்து பஸ் பிடித்துக் காலாப்பட்டு அலுவலகத்துக்குப் போய் வந்துகொண்டு அதே முத்தியால்பேட்டையில் இருக்கிறாள்.

3

கையில் இருந்த புத்தகத்துக்கு வால் இருந்தது.

அட்டையைத் தடவிப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, பின்னால் இரண்டு தாள் அதிகம். அங்கேயே தள்ளுவண்டியில் சாய்ந்துகொண்டு விஜிக்கு வீடியோவில் போன் போட்டேன். ஊரில் மத்தியானம், அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். புத்தகத்தைக் காட்டினேன். கையைக்கூடத் துடைக்காமல் திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"படிக்காதக்கா," என்றாள். பிறகு, "இல்ல, படி," என்றாள்.

படித்தேன். 'அப்போது அரசன் தன் சமையல்காரனை அழைத்து, "இதைச் சாம்பாரில் போடு" என்றான். அரண்மனையில் பெரும் விருந்து நடந்தது. மாலுமிகள் யாவரும் வயிறார உண்டு மகிழ்ந்தனர். சுபம்.'

திரை நின்றுவிட்டதோ என்று பார்த்தேன்.

"சாம்பாரா?" என்றாள் விஜி கடைசியில். "இந்தச் சாம்பாருக்கா நாம அவ்ளோ சண்ட போட்டோம்?"

ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மதாம் ஒதீலும் காரணம் தெரியாமல் சிரித்தார். போனை வைத்த பிறகுதான் எனக்குள் ஏதோ ஒன்று மெல்ல மெல்லப் புரிந்தது. அன்றைக்கு அந்தக் கடைசித் தாள் இருந்திருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம்? சாம்பார் என்று படித்திருப்போம், மூடி வைத்திருப்போம், தாயம் ஆடப் போயிருப்போம். அந்தக் காற்புள்ளிதான் எங்களை அடுத்த புத்தகத்துக்குத் துரத்தியது. அடுத்ததற்கு, அதற்கடுத்ததற்கு. இன்றைக்கும் பஸ்ஸில், சமையலறையில், ஆஸ்பத்திரி வரிசையில் புத்தகமும் கையுமாக இருக்கிறேன் என்றால், தராசு முள் நேராக நிற்க வேண்டுமே என்று ஒரு மனிதர் கிழித்த இரண்டு தாள்தான் காரணம். அவருக்கு அது தெரியாது. எங்களுக்கும் இத்தனை காலம் தெரியாது. நினைக்க நினைக்கப் பிரமிப்பாக இருந்தது. அவர் இருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

4

பிரமித்து என்ன பயன், புத்தகம் கழிவு வண்டியில் அல்லவா இருக்கிறது. யாராவது பயன்படுத்தினால் அந்த அலமாரியே தப்பும், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் பழைய பேப்பருக்குத்தான் என்றார் மதாம் ஒதீல். மறுபடியும் எடைக்கா! அவரே ஒரு வழியும் சொன்னார். புதன்கிழமை மத்தியானம் இங்கே பள்ளிக்கூடம் கிடையாது. நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற நேரம் உண்டு. ஒருவர் தமிழில் வாசித்து இன்னொருவர் பிரெஞ்சில் சொன்னால் எப்படி?

தமிழுக்கு நான் இருக்கிறேன். பிரெஞ்சுக்கு நான் ஆகமாட்டேன். மீனுக்கும் விஷத்துக்கும் இவர்கள் பாஷையில் ஒரே ஓர் எழுத்தின் உரசல்தான் வித்தியாசம். அந்த உரசல் என் நாக்குக்குக் கிடையாது. வைத்திக்குப்பத்து மீன் தின்று வளர்ந்தவள், பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறப் போன முதல் வாரத்தில் ஒரு குழந்தையிடம் குனிந்து, "கண்ணா, இன்னும் கொஞ்சம் விஷம் வைக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறேன்.

மிச்சம் இருந்தது என் மகள் யாழினி. வயது பதின்மூன்று. பள்ளிக்கூடத்தில் அவள் யலினி. ழகரம் வராததற்காகப் பிரான்சைக் குறை சொல்லமாட்டேன், எங்கள் தெருவிலும் பாதிப் பேருக்குப் பளம்தான். குறை வேறு. நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள். குழந்தையாக இருந்தபோது சோறு ஊட்டும் நேரமெல்லாம் கதைதான், பூசணிக்காய்க் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ. ஒருநாள், போதும் என்றாள், நான் குழந்தை இல்லை என்றாள், நிறுத்திவிட்டேன். தமிழ் எழுத்து அவளுக்குக் கோலம் மாதிரி, பார்ப்பாள், படிக்கத் தெரியாது. என் கதைகளும் வாசிப்பும் என்னோடு நின்றுவிடும் என்ற பயம் எனக்கு உண்டு. அவள் அப்பாவிடம் சொன்னால், விமான நிலையத்து ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில், அவள் பிரெஞ்சிலாவது படிக்கிறாளே என்பார். அது உண்மைதான். ஆனாலும் வலிக்கும்.

கேட்டேன். அது சின்னப் பசங்க கதை என்றாள். அலமாரியே போய்விடும் என்றேன். தோளைக் குலுக்கினாள். அவள் ஒத்துக்கொள்வதற்கு முன்பே, கதை சொல்ல வேண்டிய நூலக அட்டையை அவள் பேரில் போட நான் முகவரிச் சான்றுக்கு மின்சார பில், பள்ளிச் சான்றிதழ், பெற்றோர் சம்மதம், அதற்கு அப்பா கையெழுத்து என்று அலைவதை நாலு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நாட்டில் சொர்க்கவாசலிலும் மின்சார பில்தான் கேட்பார்கள் என்று நான் முனகியது அவள் காதில் விழுந்து சிரித்துவிட்டாள். வருகிறேன், ஆனால் ஒத்திகைக்கெல்லாம் உட்காரமாட்டேன், அந்தக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு நீ வரக்கூடாது என்று நிபந்தனை போட்டாள். ஒத்துக்கொண்டேன்.

5

புதன்கிழமை. கம்பளத்தில் பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், பல நாட்டுப் பிள்ளைகள். பின்வரிசையில் பேத்தியை அழைத்துவந்த ஒரு பெரியவர், நெல்லித்தோப்புக்காரர், இரண்டு பாஷையும் தெரிந்தவர். நான் ஒரு பக்கம் தமிழில் வாசிக்க, யாழினி கேட்டுவிட்டுப் பிரெஞ்சில் சொன்னாள். முதலில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பூசணிக்காய் தெருவில் உருண்டபோது குரல் ஏறியது. புயல் வந்தபோது எழுந்து நின்றுவிட்டாள். பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள்.

கடைசிப் பக்கம் வந்தது. முடிவு சாம்பார் என்பது அவளுக்குத் தெரியாது, ஒத்திகைக்குத்தான் வரவில்லையே. என் குரல் கொஞ்சம் இறங்கியது. எழுதியிருப்பதைத்தானே வாசிக்க முடியும்? வாசித்தேன். சமையல்காரன், சாம்பார், விருந்து, சுபம்.

யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஏதோ ஏமாற்றிவிட்ட மாதிரி ஒரு பார்வை. பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, பிரெஞ்சில் நிதானமாகச் சொன்னாள்: அப்போது அரசன் சமையல்காரனை அழைத்து, "இதை வெட்டாதே, எந்த ஊர் என்று கேள்" என்றான்.

என் சொல், வரி பிசகாமல். பூசணி அழுதது, விதைகள் சட்டைப்பைக்குப் போயின, மாலுமிகள் கப்பலேறினார்கள். சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்த குழந்தை இத்தனையையும் எங்கே வைத்திருந்தது? கேட்கவே இல்லை என்றல்லவா நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

அதோடு அவள் நிறுத்தவில்லை. ஒரு விதை மட்டும் ஊர் திரும்பவில்லை என்றாள். சட்டைப்பை ஓட்டை வழியாக அரண்மனை வாசலில் விழுந்துவிட்டது. அந்தக் குளிர் அதற்குப் பிடித்துப்போயிற்று, அங்கேயே கொடியாகிக் காய்த்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு அதன் பெயர் தெரியவில்லை. போய்க் கேட்டபோது அது தன் சொந்தப் பெயரைச் சொன்னது: "பூசணி."

பிள்ளைகள் ஒரே குரலாகச் சொல்லிப் பார்த்தார்கள். "பூஸனி." "பூஸனீ." ஒருத்தனுக்கு வராமல் திரும்பத் திரும்பக் கேட்டான், யாழினி அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து வாயைக் குவித்துக் காட்டினாள். மதாம் ஒதீல் கழிவு வண்டியிலிருந்து தமிழ்ப் புத்தகங்களை எடுத்து, நான் கேட்காமலே அலமாரியில் அடுக்க ஆரம்பித்தார்.

நெல்லித்தோப்புப் பெரியவர் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறவங்கள நான் நெறைய பாத்திருக்கேம்மா," என்றார். "சோத்துல கெடந்தத முழுசா வெளிய எடுத்தது உம் பொண்ணு ஒருத்திதான்."

வீட்டுக்குத் தெருவைத்தான் கடக்க வேண்டும். விளக்கு மாறக் காத்து நின்றபோது, மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன், அந்த ஒற்றை விதை மட்டும் ஏன் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை என்று. யாழினி என்னைப் பார்க்கவில்லை, எதிர்ப்பக்கத்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழில் சொன்னாள்.

"அது இங்கதான மொளச்சுது, ம்மா."

விளக்கு மாறியது, தெருவைக் கடந்தோம். வீட்டுக்குப் போனதும் களைக்கொத்தைப் பழைய துணியில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் போட்டுவிட்டேன்.